பின்வாசலில் ஏறிய சேதுமாதவன்

பஹ்ரைனில், ஈசா டவுனில் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்டோ எட்டிப் பார்த்தோ தெரிந்துகொள்வதில்லை. ஏசி சந்து வழியாக வாசனை வருகிறது, மூக்கைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்? கீழ்வீட்டு ஷியாமளாவுக்கும் அவள் கணவர் சேதுமாதவனுக்கும் நடந்த சண்டையும் அப்படித்தான் தெரிய வந்தது. பால்கனியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். கொஞ்சம் மெதுவாக எடுத்தேன், அவ்வளவுதான்.

மகள் இளவேனில் சென்னைக்குக் கல்லூரிப் படிப்புக்குப் போன பிறகு ஷியாமளாவுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. மனாமாவில் ஒரு நர்சரியில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். சேதுமாதவன் அலுமினிய ஆலையில் பெரிய பொறியாளர். அவர் குரல் மூன்றாவது மாடிவரை வந்தது.

"பஸ்லயா? லேபர் கேம்ப் ஆளுங்க டூட்டிக்குப் போற பஸ்ல என் பொண்டாட்டியா?"

"அவங்களும் மனுஷங்கதாங்க."

"சரி, அத விடு. உனக்கு வழி தெரியுமா? மனாமான்னு ஏறி ஹமத் டவுன்ல எறங்கி முழிச்சிட்டு நிப்ப. நான் சைட்ட விட்டுட்டு உன்னத் தேடி வரணும்."

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பதினேழு வருஷமாக அவர் கார் ஓட்டினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரைவிங் டெஸ்டில் எத்தனை முறை தோற்றாள் என்பதை அவளே சொல்வதில்லை. (எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.)

இது நடந்தது இரண்டாயிரத்து ஏழில். அந்த ஜூலையில் எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து கப்பல் பயணம் கிளம்பினோம். ஹாங்காங் வரை விமானம், அங்கிருந்து ஜப்பான் துறைமுகங்களுக்குக் கப்பல். என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வத்துக்கு ஜப்பானைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கப்பலில் சாப்பாட்டுக் கூடம் நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே பெட்டி கட்டினார்.

நாகசாகியை அடைவதற்கு முந்தின நாள், இரவுச் சாப்பாட்டில், சேதுமாதவன் கப்பல்காரர்களின் டூர் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கப் புறப்பட்டார். ஷியாமளா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டூர் வேண்டாங்க. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீயா? எங்க?"

"மூக்குக் கண்ணாடிப் பாலத்துக்கு. டிராம்ல. நான் உங்களையும் ஜெயாக்காவையும் கூட்டிட்டுப் போயி, கப்பல் கிளம்பறதுக்குள்ள கொண்டு வந்து விட்டுட்டா, நான் பஸ்ல வேலைக்குப் போறேன். விடலன்னா வேலைப் பேச்ச இந்த ஜென்மத்துல எடுக்க மாட்டேன்."

ஜெயாக்கா என்பது நான்தான். நடுவராக வேறு போட்டுவிட்டாள். இதைவிட நல்ல பதவி எனக்கு யார் தரப்போகிறார்கள்?

சேதுமாதவனுக்கு ஒரே சிரிப்பு. "அப்ப நான் வாயே தெறக்க மாட்டேன். வழி சொல்ல மாட்டேன். என் பையில ஒரு யென் கூட வேண்டாம், எல்லாத்தையும் நீயே வச்சிக்க. பாத்துடலாம்!" என்று பர்ஸிலிருந்த ஜப்பான் பணம் முழுவதையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஆம்பளைக்கு வீறாப்பு வந்தால் சில்லறைகூட மிஞ்சாது.

காலையில் கப்பல் நாகசாகிக்குள் நுழைந்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று பக்கமும் மலை. மலை மேல் வீட்டுக்கு மேல் வீடு, நவராத்திரிக் கொலுப்படியில் பொம்மை வைத்த மாதிரி. எங்கள் பஹ்ரைனில் உயரமான இடம் என்றால் மேம்பாலம்தான். இவ்வளவு பச்சையைச் சேர்ந்தாற்போல் பார்த்து எத்தனை நாளாயிற்று! பன்னீர்செல்வம் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். "நல்லாருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று இட்லி மாதிரி ஏதோ இருந்த தட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

சுடிதாரும் விளையாட்டு ஷூவும், கையில் கப்பலில் கொடுத்த வரைபடமுமாக ஷியாமளா முன்னால் நடந்தாள். டூர் பஸ்களும், மஞ்சள் கொடி பிடித்த கைடுகளும், கொடிக்குப் பின்னால் வாத்துக் கூட்டம் போல நம் கப்பல் பயணிகளும். எல்லாரையும் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவில்லை, முட்டி வலி. தெருவில் குப்பை இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. சேதுமாதவன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, தொண்டையை மட்டும் அவ்வப்போது செருமிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் செருமல். அவருக்கு வழி தெரியும் என்று அதற்கு அர்த்தமாம்.

ஆனால் ஷியாமளா தப்பாக ஒரு திருப்பம்கூடத் திரும்பவில்லை. டிராம் நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். "பச்சை நிறம், அஞ்சாம் நம்பர். அதுல ஏறினா நேரா பாலந்தான்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அஞ்சாம் நம்பர் வந்தது. பொம்மை ரயில் மாதிரி ஒரே பெட்டி. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு.

இங்கேதான் விஷயம். நானும் ஷியாமளாவும் திருச்சி டவுன் பஸ்ஸில் வளர்ந்தவர்கள். முன்வாசல் பொம்பளைகளுக்கு, பின்வாசல் ஆம்பளைகளுக்கு. வளைகுடாவுக்கு வந்தும் அப்படித்தான் பார்த்தோம், பெண்களுக்கு முன்சீட்டு. யாரும் யோசிக்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் முன்வாசலுக்கு ஓடினோம். சேதுமாதவன் கண்ணியமாகப் பின்வாசலுக்குப் போனார்.

முன்வாசலில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி முடியட்டும் என்று நின்றோம். வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் எங்களைப் பார்த்துத் தலை வணங்கி, கையைப் பின்பக்கமாக நீட்டி நீட்டி ஏதோ சொன்னார்.

"என்னக்கா சொல்றாரு?"

"பின்னாடி இன்னொரு வண்டி வருதாம், அதுல ஏறச் சொல்றாரு போல. இது ரொம்பிடுச்சோ என்னமோ."

எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்! நாங்களும் குனிந்து வணங்கி இரண்டடி தள்ளி நின்றோம். அவர் ஒரு நிமிஷம் எங்களையே பார்த்தார். மறுபடி வணங்கினார். கதவு மூடியது. டிராம் கிளம்பியது. பின் ஜன்னலில் சேதுமாதவன் முகம் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்றவர் நன்றாகவே திறந்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். பஹ்ரைனில் ஓயாமல் அலறும் நோக்கியா அங்கே செத்துக் கிடந்தது. நம் போன் ஜப்பானில் எடுக்காது என்று கப்பலிலேயே சொல்லியிருந்தார்கள்.

"ஷியாமளா, கப்பலுக்கே போயிடலாம்டி. அங்க சொல்லி ஆள் அனுப்பலாம்."

"கப்பல்ல போயி என்னக்கா சொல்ல? புருஷனத் தொலைச்சிட்டேன்னா?"

அழப்போகிறாள் என்று கைக்குட்டையை எடுத்தேன். அவள் அழவில்லை. அடுத்த பச்சை வண்டி வந்ததும், ஒரு கிழவி எந்த வாசலில் ஏறுகிறாள் என்று பார்த்து அவள் பின்னாலேயே ஏறினாள். நானும் ஏறினேன். பின்வாசல்தான்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷியாமளா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நிறுத்தத்தில் அவர் இல்லை, நடைபாதையில் இல்லை. மூன்றாவது நிறுத்தமோ நான்காவதோ, சட்டென்று என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"அக்கா, பாருங்க! எறங்கறப்பதான் காசு போடறாங்க! டிரைவர் பக்கத்துல இருக்கற பெட்டில!"

"அதுக்கென்னடி?"

"அவர்கிட்ட காசு இல்லையே! காசு போடாம எறங்கற ஆளா அவரு? யார்கிட்டயாவது கேக்கற ஆளா? செத்தாலும் கேக்க மாட்டாரு. வண்டி கடைசியா எங்க போயி நிக்குதோ, அங்கதான் உக்காந்திருப்பாரு."

"பாலம் வருதே. பாலத்துக்குத்தான் போறோம்னு அவருக்குத் தெரியும். அங்க எறங்கியிருந்தா?"

பாலத்து நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. ஷியாமளா எழுந்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கே தப்பினால் வேலையும் போச்சு, கப்பலும் போச்சு, அதற்கப்புறம் வாழ்க்கை பூராவும் செருமல்தான். அவள் மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள். கதவு மூடியது.

"எறங்கியிருக்க மாட்டாருக்கா" என்றாள். தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

கடைசி நிறுத்தத்தின் பெயர் ஹோதாருஜாயா. வண்டி நின்றதும் முதலில் கேட்டது சேதுமாதவன் குரல்தான்.

"பாய் சாப், யே லேலோ! பஹ்ரைன் தினார்! பஹுத் அச்சா பைசா!"

பஹ்ரைனில் முகம் தெரியாத யாரிடம் பேசுவதென்றாலும் இந்திதான், அந்தப் பழக்கம். ஒரு அரை தினார் நோட்டை அவர் நீட்ட நீட்ட, அதே வெள்ளைக் கையுறைக்காரர் வணங்கி வணங்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக இது நடக்கிறதோ! சேதுமாதவன் சட்டை நனைந்திருந்தது. எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, கல்யாண ஆல்பத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. (ஆல்பம் பார்த்திருக்கிறேன், அவர்கள் காட்டினார்கள்.)

ஷியாமளா அந்த வண்டிப் பெட்டியில் அவருக்கும் காசு போட்டாள். டிரைவர் அவளை வணங்கினார், அவள் வணங்கினாள், சேதுமாதவன் வணங்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் ஒன்று வணங்கி வைத்தேன்.

வெளிச்சம் அரை நிமிஷம்தான். "இதான் நீ கூட்டிட்டுப் போற லட்சணமா? தொலைச்சிட்டியேடி என்ன! பந்தயம் முடிஞ்சிது. கலாஸ். டாக்சியப் புடி, நேரா கப்பலுக்கு."

"தொலைச்சது நான்தான். கண்டுபிடிச்சது யாரு?"

"ஜெயாக்கா, நீங்க சொல்லுங்க!" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் ஷியாமளா திரும்பிப் போகிற பச்சை வண்டியில் ஏறிவிட்டாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடி ஏறினோம். பாலத்து நிறுத்தம் வந்ததும் அவள் மூவருக்கும் காசு போட்டுவிட்டு இறங்கினாள். சேதுமாதவன் ஒரு கணம் சீட்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். யோசித்து என்ன செய்ய? காசு அவளிடம். இறங்கினார்.

பாலம் சின்னதுதான். சின்ன ஆறு, அதன் மேல் இரண்டு வளைவுள்ள பழைய கல்பாலம். ஆனால் குனிந்து தண்ணீரைப் பார்த்தால், மேலே இரண்டு அரைவட்டம், கீழே நிழலில் இரண்டு அரைவட்டம், சேர்ந்து அச்சாக ஒரு மூக்குக் கண்ணாடி! நான் "ஐயோ, ஐயோ" என்று கத்திவிட்டேன். கரையில் ஒரு வயதான அம்மாள் ஐஸ்கிரீமை ரோஜாப்பூ மாதிரி இதழ் இதழாக வைத்துக் கொடுத்தாள். மூன்று ரோஜாவோடு படியில் உட்கார்ந்தோம். வெயில்தான், ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கு முன்னால் இது வெயிலில் சேர்த்தியா?

சேதுமாதவன் இரண்டு இதழ் தின்றார். "நான் அங்கதான் இருப்பேன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"உங்களோட இத்தனை வருஷமா குடும்பம் நடத்தறேன். இது தெரியாதா?"

அவர் இன்னொரு இதழைத் தின்றார். பிறகு, "சரி. நீ எந்த பஸ்ல ஏறினாலும் வந்து சேந்துடுவ. ஊருக்குப் போனதும் அந்த நர்சரில பேசு" என்றார்.

"பேசிட்டேங்க."

"எப்போ?"

"கிளம்பறதுக்கு முன்னாடியே. ஸ்கூல் தெறக்கற அன்னிக்கு வந்துடறேன்னு சொல்லியாச்சு. யூனிஃபார்ம் சேலைக்கு ஜாக்கெட் கூட தைக்கக் குடுத்துட்டேன்."

சேதுமாதவனின் ரோஜா உருகி முழங்கைவரை வழிந்தது. "நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"ஹோதாருஜாயாவுலயே விட்டுட்டு வந்திருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கையை நக்கிக்கொண்டே இரண்டு பேரும் காலேஜ் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள். எனக்குத்தான் ஐஸ்கிரீம் இறங்கவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாளாமே! எங்கள் தெருவுக்கே ஒரே தையல்காரர் கலீலுர் ரஹ்மான் பாய். வாரத்தில் பாதி நாள் அவர் கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பட்டன்கூட வைத்ததில்லை என்று நினைத்திருந்தேன். மனுஷன் வாயே திறக்கவில்லையே!