தொமோயேயின் ஒற்றை விரல்

பயிற்சி அறைக் கதவின் கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்றுகொண்டிருந்தாள் ரிட்சுகோ. உள்ளே வகுப்புத் தோழி தொமோயே ஒற்றை விரலால் குழந்தைகளின் வாத்துப் பாட்டைப் பியானோவில் குத்திக்கொண்டிருந்தாள். அதை வாசிப்பு என்று சொன்னால் ஜப்பானின் நாகஓகா நகரத்துப் பியானோக்கள் எல்லாம் கண்டன ஊர்வலம் போய்விடும். தனக்குப் போட்டியே இல்லை என்று, கேட்கக் கேட்க ரிட்சுகோவுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

ரிட்சுகோ நாலு வயதிலேயே பியானோ முன்னால் உட்கார்ந்தவள். இசைப் பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியதால்தான் இந்த மகளிர் ஜூனியர் காலேஜில் வந்து விழுந்தாள். இரண்டே வருடம், முடித்தால் மழலையர் காப்பக ஆசிரியை. டோக்கியோவில் நாலு வருடப் பட்டம் படிக்கிற அத்தை மகள், "ரெண்டு வருஷத்துல என்னடி சொல்லித் தருவாங்க?" என்று சிரித்தாள். என்னவா? குழந்தை மனோதத்துவத்திலிருந்து மூக்குச்சளி துடைப்பது வரை அத்தனையும் பாடம். காகிதம் மடிக்கத் தெரியாவிட்டால் ஃபெயில். ரிட்சுகோ மடித்த கொக்கு, லாரி ஏறிய தவளை மாதிரி இருக்கும். பியானோவில் மட்டும் அவள் மகாராணி.

இரண்டாம் வருடம் இருவரையும் ஒரே காப்பகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முடிவில் ஒருத்தியை வேலைக்கு வைத்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை சொன்னார். ஒருத்தி என்றால் வேறு யார் என்று ரிட்சுகோ அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

இரண்டு கையாலும் அருவி கொட்டுவது போல வாசித்தாள். ஒரு பயல் பியானோவுக்கு அடியில் புகுந்தான். இன்னொருத்தன் கால்சட்டையைக் கழற்றித் தலையில் மாட்டிக்கொண்டான். அடுத்து தொமோயே உட்கார்ந்தாள். கட்டையைப் பார்க்காமல் கழுத்தைத் திருப்பிக் குழந்தைகளையே பார்த்தபடி ஒரு விரலால் தட்டினாள். பாதி ஸ்வரம் காணவில்லை. காணாமல் போனதையெல்லாம் இருபது குழந்தைகளும் தொண்டை கிழியப் பாடி நிரப்பின. ரிட்சுகோவின் வயிற்றில் எரிந்த தீயில் ஊருக்கே மிசோ சூப் காய்ச்சியிருக்கலாம்.

பஸ்ஸில் கேட்டேவிட்டாள். "இந்த வித்தைய எங்கடி கத்துக்கிட்ட?"

"வித்தையா? எனக்குக் கட்டையும் தெரியல, பாட்டும் மறந்துபோகுது. அதுங்க வாயப் பாத்துத்தான் அடுத்தது என்னன்னு கண்டுபிடிக்கிறேன். உனக்கென்ன, எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரியும் என்பதை அவள் பொறாமையோடுதான் சொன்னாள். அதுதான் ரிட்சுகோவுக்கு இன்னும் எரிந்தது.

கடைசி நாள் தலைமை ஆசிரியை பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ரிட்சுகோ கழுத்தைத் திருப்பிக் குழந்தைகளைப் பார்த்தாள். வாசித்துக்கொண்டே வந்தவள், வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தை விட்டாள். பதினைந்து வருடப் பழக்கத்தை மீறியதில் விரல் வலித்தது.

இருபது தொண்டைகளும் அந்தப் பள்ளத்தை ஒரே கத்தலில் நிரப்பின.

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. அப்புறம்தான் கவனித்தாள், குழந்தைகளின் கண்கள் அவள் மேல் இல்லை. அவள் தோளைத் தாண்டிப் போயின. பியானோவின் மறுபக்கம் தொமோயே நின்று, வாயை அகலத் திறந்து, சத்தமே வராமல் பாட்டை அவர்களுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தோழிக்கு உதவுகிறாளாம். முகத்தில் அவ்வளவு அக்கறை.

பின்வரிசையில் தலைமை ஆசிரியை சிரித்தார். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

அடுத்த ஸ்வரம் வந்துகொண்டிருந்தது. இருபது வாய்கள் தயாராகத் திறந்திருந்தன. ரிட்சுகோவின் விரல் வெள்ளைக் கட்டைக்கு மேலே, தொடாமல், நின்றது.