லேபிள் இல்லாத டின்

ஒரு நாள்கூட அந்த மனுஷன் கடைப் பக்கம் போனதில்லை என்று இப்போது சொன்னால் இந்தப் பையன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான் என்று ஈனிட் நினைத்துக்கொண்டிருந்தாள். பையன் என்றால் நாற்பது வயதிருக்கும். பெயர் ஜைல்ஸ். அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தான். நல்ல ஷூ, சாக்ஸ் மட்டும் இல்லை. அவளுடைய சமையலறையில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய புருஷன் லெனர்ட் எப்பேர்ப்பட்ட ஓவியர் என்று அவளுக்கே விளக்கிக்கொண்டிருந்தான்.

"கடை அலமாரியில ஒரு அழகு இருக்குன்னு இந்த நாட்டுக்கு முதல்ல காட்டினவர் அவர்தான், மிசஸ் ப்ரௌஸ். அதுவரைக்கும் ஓவியம்னா குதிரை, கடல், பூ ஜாடி. பட்டாணி டின்னைக் கொண்டுவந்து சுவத்துல மாட்டினது அவர்."

"பட்டாணியைக் கொண்டுவந்தது நான்," என்றாள் ஈனிட்.

ஜைல்ஸ் சிரித்தான். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டான். படம்பிடிக்கிற கருவியைச் சன்னலோரமாக நிறுத்திக் குனிந்து சரிபார்த்தான்.

அந்த நாட்களில் கேம்பர்வெல் சாலைக் கடையிலிருந்து, குழந்தை வண்டியில் மகள் ஹிலரியின் காலடியில் டின்களை அடுக்கி, மழையில் அவள்தான் தள்ளிக்கொண்டு வருவாள். லெனர்ட் அவற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வெந்நீரில் ஊறப்போடுவார். லேபிள்கள் மெல்லக் கழன்று மிதக்கும். கிழியாமல் எடுத்து மாடிக்குக் கொண்டுபோவார். அவள் வைத்திருந்த மைதா மாவில்தான் பசையும் காய்ச்சினார். அலமாரியில் மொட்டை டின்கள் வரிசையாக நிற்கும். எதில் பீன்ஸ், எதில் பீச் பழம், எதில் பூனைக்கான மீன் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். எந்த டின் எது என்று பென்சிலால் குறித்தாவது வையுங்கள் என்று அவள் ஒருமுறை கேட்டாள். தகரத்தின் தூய்மை கெட்டுவிடும் என்றார். வீட்டில் சாப்பிட வேறு ஒன்றும் இருக்காது. இருந்த காசெல்லாம் அந்த டின்களில்தான் இருந்தது.

அந்த லேபிள்களை ஒட்டித்தான் அவர் பெயர் வாங்கிய படத்தைச் செய்தார். சுவர் உயரத்துக்கு லேபிள்கள், நடுவில் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு பெண், எல்லாப் பற்களும் தெரிய. அந்தப் பெண் பசித்தவளாகத் தெரியவில்லை. சாதாரண மக்களின் வாழ்க்கையைக் கொண்டாடியவர் என்று எல்லோரும் எழுதினார்கள். கொண்டாடப்பட்டவள் கீழே ஒரு மொட்டை டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பை வெறித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை அவருக்கு டின் திறப்பான் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியாது.

ஹிலரி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அறுபது தாண்டிய மகள். கையில் ஒரு டின், லேபிள் இல்லாமல், ஓரங்களில் துருவோடு.

"கடைசி டின், அம்மா. அப்பாவோட பெஞ்சுக்குப் பின்னாடி கிடந்தது. ஞாபகம் இருக்கா?"

ஈனிட்டுக்கு ஞாபகம் இருந்தது. ஹிலரியின் ஐந்தாவது பிறந்தநாள். பீச் பழம் தருவதாகச் சொல்லியிருந்தாள். முதல் டின்னில் பீன்ஸ். அடுத்ததில் கேரட். அதற்கடுத்ததில் பூனையின் மீன். குழந்தையின் உதடு கோணுவதைப் பார்த்ததும் ஈனிட் இன்னொன்றை எடுத்துத் தன் காதருகே வைத்துக் குலுக்கினாள். பிறகு குழந்தையின் காதருகே. "என்ன இருக்குன்னு சொல்லு பாக்கலாம். சரியாச் சொன்னா முதல் கரண்டி உனக்கு." குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டது. அன்றிலிருந்து அது விளையாட்டு. பட்டாணி கலகலக்கும், பழம் சோம்பேறித்தனமாகப் புரளும், பாயசம் வாயே திறக்காது. சிரிப்புச் சத்தம் கேட்டு லெனர்ட் இறங்கி வந்து வாசலில் சாய்ந்து நின்றார். அடுத்த மாதமே வானொலியில் சொன்னார்: எங்கள் வீட்டில் சாப்பாடும் கலைதான், நான் என் குடும்பத்துக்கு ஆச்சரியப்படக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"மியூசியத்துல அவருக்காகத் திறக்கப்போற புது அறைக்கு வாசல்லயே, இப்ப பிடிக்கிற இந்தப் படம் ஓடும்," என்றான் ஜைல்ஸ். "நீங்க டின்னைக் காதுகிட்ட வச்சுக் குலுக்கணும். கொஞ்சம் சிரிக்கணும். அப்புறம், இந்த விளையாட்டை லெனர்ட் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்னு ஒரு வரி. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிச் சொல்லுங்க."

ஈனிட் மகளைப் பார்த்தாள். "அந்த விளையாட்டு விளையாடறப்ப உங்கப்பா எங்க இருந்தார்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இங்கதானே அம்மா, இந்த வாசல்ல. சிரிச்சுக்கிட்டு." ஹிலரியின் கண் கலங்கியது. அப்பா போய் இன்னும் ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை. "பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லுவேன். எங்க வீடு மாதிரி யார் வீடும் இல்லம்மா."

அந்த மனுஷன் வாசலில் சாய்ந்து நின்றதற்கே இப்படி ஓர் இடம். பூனையின் மீனைக் குப்பையில் கொட்டிய கையை யாருக்கு ஞாபகம் இருக்கும்? அது விளையாட்டே இல்லை, வேறு வழியில்லாமல் தான் செய்தது என்று சொல்லிவிட ஒரே வாக்கியம் போதும். சொன்னால் ஜைல்ஸின் சிரிப்பு நிற்கும், அது பெரிய இழப்பில்லை. ஆனால் அழாமல் போன ஐந்து வயசுக் குழந்தையை, இத்தனை வருடம் கழித்து, இந்த மேசையில் உட்காரவைத்து அவளே அழவைக்க வேண்டியிருக்கும்.

ஹிலரி டின்னைக் கொடுத்தாள். ஈனிட் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கருவியில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"எப்ப வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், மிசஸ் ப்ரௌஸ்."

"வேண்டாம்," என்றாள் ஈனிட்.

"டின்னைக் கொஞ்சம் மேல தூக்கி..."

"வேண்டாம்பா. டீ ஆறிடுச்சு பாரு, குடி."

அவள் டின்னை மடியில் வைத்து, உள்ளே இருப்பது எதுவானாலும் அசையாதபடி இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ஜைல்ஸ் காத்திருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம், தன்னையறியாமல், ஹிலரியின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.