ஐ.ஓ. என்று சொன்னவர்

எங்கள் தெருவில் போலீஸைப் போலீஸ் என்று யாரும் சொல்வதில்லை. டீ மாஸ்டருக்கு அவர்கள் ‘மாமா’. நடைபாதைச் செருப்புக் கடைக்காரருக்கு ‘வண்டி’. ஒற்றை ஆள் நடந்து வந்தாலும் வண்டிதான். ரிட்டயர்டான கணக்கு வாத்தியார் மட்டும், செய்தி வாசிப்பவர் மாதிரி, ‘காவல்துறையினர்’ என்பார். யார் என்ன வார்த்தை சொல்கிறார்கள் என்பதை வைத்தே யாருக்கு எவ்வளவு பயம் என்று நான் சொல்லிவிடுவேன். மாடி ஜன்னலில் நின்றால் இந்த அறிவெல்லாம் தானாக வரும்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் டீக்கடை பெஞ்சில் தினமும் வந்து உட்காரத் தொடங்கியதும் தெருவே குரலைத் தாழ்த்திக்கொண்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவியோ ஜன்னலையே சாத்திவிட்டாள். காரணம் எனக்குத் தெரியும். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர் இருக்கும் வீட்டில் மூன்று தட்டு கவிழ்த்து வைத்திருந்தால் யாருக்குத்தான் தெரியாது? கேட்டேன். அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். உள்ளே இருப்பது அவள் தம்பி. அவன் வேலை பார்த்த குடோனில் சரக்கு காணாமல் போயிருக்கிறது. எடுத்தது முதலாளியின் மருமகன், பார்த்தது இவன், சாவியும் இவனிடம். சொன்னால் எவன் நம்புவான் என்று ஓடி வந்துவிட்டான். ஓடியதாலேயே ஊருக்கு இவன் திருடன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, டீ மாஸ்டர் சம்சாரத்தைத் தவிர.

அன்றைக்குப் பால் வாங்கப் போனபோது கடையில் இதே பேச்சு. கண்ணாடிக்காரர் இன்னும் வந்திருக்கவில்லை.

“மஃப்டில வந்த மாமாதான். டீ குடிக்கிற தினுசே சரியில்லை,” என்றார் மாஸ்டர்.

“சி.ஐ.டி.யா இருக்கும்யா,” என்றார் செருப்புக்காரர். “வண்டி வர்றதுக்கு முன்னாடி இவனுங்க வருவானுங்க.”

“துப்பறிவாளர்னு சொல்லுங்க,” என்று திருத்தினார் வாத்தியார்.

“நீங்க சொல்லுங்க சார். நாங்க ஓடணும்ல.”

தண்ணீர் ஃபில்டர் விற்கிறவரும் அங்கே இருந்தார். தையல்காரர் வீட்டு மாடிப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடி வந்தவர். சிரித்த முகம். எல்லோருக்கும் வணக்கம் வைப்பார். ஒரு ஃபில்டரைக்கூட அவர் கையில் நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். “அட, எந்த பி.சி. இப்படி எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி உட்காருவான்? ஐ.ஓ. பார்த்தா டோஸ் விடமாட்டாரா?”

மாஸ்டர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

“ஐ.ஓ.வா? அது யாருண்ணே?”

“கேஸை விசாரிக்கிற அதிகாரி மாஸ்டர். சீரியல்லலாம் சொல்லுவாங்களே.”

நான் பார்க்காத சீரியலா? எத்தனையோ கொலை பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் ஐ.ஓ. என்று சொன்னதில்லை. வெளியே நிற்கிறவர்கள் பயத்துக்கும் கோபத்துக்கும் ஏற்றபடி பேர் வைப்பார்கள். உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் பேரைச் சுருக்கத் தோன்றும்.

பாலை மறந்துவிட்டு நேரே தையல்காரர் வீட்டுக்குப் போனேன்.

“கண்ணாடிக்காரனைப் பார்த்து ஜன்னலைச் சாத்துறியே, உன் மாடியில இருக்கிறது யாருன்னு தெரியுமா?” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மிஷின் மேல் கையை வைத்தபடி கேட்டாள். தையல்காரர் எழுந்து, “பின்பக்கமா அனுப்பிடலாம். எங்க அண்ணன் வீடு இருக்கு,” என்றார்.

“அங்கயும் ஒரு மாடி இருக்கும். அதுலயும் ஒருத்தர் குடி வருவார்,” என்றாள். பிறகு உள் அறையைப் பார்த்து, “சட்டையைப் போட்டுட்டு வாடா,” என்றாள்.

“அக்கா, வேணாம்கா.”

“நீ எடுத்தியா?”

“இல்லக்கா.”

“அப்ப வா. அவங்களா வந்து இழுத்துட்டுப் போனா தெருவே பார்க்கும். நாமளா போனா நீ பேசுறதையாவது கேப்பாங்க.”

ஃபில்டர்காரர் திரும்பி வந்ததும் அக்காவும் தம்பியும் மாடிக்கு ஏறினார்கள். பின்னாலேயே நானும் போனேன். துணைக்குத்தான். கதவைத் திறந்தவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அவனைப் பார்த்ததும் மெல்ல இறங்கியது.

“தம்பி,” என்றாள் அவள். எங்கள் தெருவில் போலீஸ்காரர்களை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “இவன்தான் நீங்க தேடுற ஆள். பார்த்ததைச் சொல்லுவான். முழுசாக் கேளுங்க. கையில மட்டும் எதையும் மாட்டாதீங்க.”

“யாருக்கா சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்களாம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மூன்று பேரும், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் போல, டீக்கடையைத் தாண்டி நடந்தார்கள். கண்ணாடிக்காரர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து வழிவிட்டார். விசாரித்ததில், அவருக்குக் கண் ஆபரேஷனாம்; மருமகள் வீட்டில் டியூஷன் எடுப்பதால் பகலெல்லாம் வெளியே அனுப்பிவிடுகிறாளாம். இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

தம்பிக்காரன் அந்த வாரமே திரும்பி வந்துவிட்டான். முதலாளியின் மருமகன்தான் இப்போது உள்ளே. தம்பிக்காரன் சொன்ன இடத்திலேயே சரக்கு இருந்ததாம்.

மாடிப் போர்ஷன் காலியாகிவிட்டது. போனவரை மாஸ்டர் இப்போது ‘நம்ம மாமா’ என்கிறார். தையல்காரர் மனைவிக்கு இன்னும் ‘அந்தத் தம்பி’தான். ஜன்னல் திறந்திருக்கிறது, மூன்று தட்டு பகிரங்கமாகக் காய்கிறது.

நேற்று அந்தப் போர்ஷனுக்கு வேறொருவர் குடி வந்திருக்கிறார். பல் டாக்டரிடம் வேலையாம். டீக்கடையில் பேச்சுக் கொடுக்கச் சொல்லி மாஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.