சன் ஆஃப் சங்கிலி

பதினோரு மணிக்குள் பிரமாணம் எடுக்காவிட்டால் கோயினெட்டின் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சுவர்க் கடிகாரம் பத்தே முக்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவன் கையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள். அதில் மூன்றே வரி. வாய்விட்டுப் படித்துவிட்டால் மல்லாபூரில் இந்த அரசுத் தொழிற்சாலையில் இரண்டு வருடப் பயிற்சி, அது முடிந்ததும் கென்யாவில் வானொலி நிலையத்தில் வேலை. படிக்காவிட்டால் மாதக் கடைசியில் விசா முடிகிறது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் வரியிலேயே அவன் நின்றுவிட்டான். ‘ஐ, கோயினெட், சன் ஆஃப்’ என்று தொடங்கி, அடுத்து அவன் அப்பாவின் பெயர் இருந்தது.

“உரக்கப் படிக்கணும் தம்பி. ரெண்டு சாட்சி காதுல விழணும். அதுதான் ரூலு” என்றார் பாதுகாப்பு அதிகாரி தேவசகாயம். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். ரூல் என்று சொல்லும்போது தோத்திரம் சொல்வதுபோல் குரல் தணியும். அவர் தமிழில்தான் சொன்னார். குஷாய்குடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியறையில் நாலு வருடமாகக் குடியிருப்பவனுக்கு அது நன்றாகவே புரிந்தது.

புரிந்து என்ன? இருபது நாளைக்கு முன்பு தம்பியின் கடிதம் வந்திருந்தது. ‘நம் மந்தைக்குச் சொந்தக்காரர் இனி இல்லை. பெயரைச் சொல்லிவிடாதே.’ அவன் கென்யாவின் மாசாய் இனத்தவன். அவர்களிடம் செத்தவர் பெயரை அவர் வீட்டார் சொல்லக் கூடாது. சொன்னால், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனவர் வழியில் நின்றுவிடுவார் என்பது கோயினெட் வீட்டு நம்பிக்கை. அந்தப் பெயரை இந்தக் கதையும் எழுதப்போவதில்லை. அவன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு யாருக்கு மனசு வரும்?

அவனைப் பள்ளிக்கு அனுப்பியதே ஒரு தண்டனைதான். ஏழு வயதில் கன்று மேய்க்கப் போனவன், எங்கோ பொறுக்கிய உடைந்த ரேடியோவைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கழுதைப்புலி இரண்டு கன்றுகளை அடித்துப் போட்டது. அந்த மாதம் சர்க்கார் ஆள் வந்து வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பள்ளிக்குக் கேட்டார். “மாட்டுக்கு உதவாத இவனைக் கூட்டிப் போ” என்று அப்பா அவனைத் தள்ளிவிட்டார். அதே மனிதர்தான், பையன் படிப்பில் கெட்டி என்று தெரிந்ததும், உயிராக வளர்த்த காளைகளை விற்று விற்று உஸ்மானியா பல்கலைக்கழகம் வரை அவனை அனுப்பினார். அவர் பெயரையா இந்த அறையில் உரக்கக் கத்துவது?

“என்னப்பா, பெத்த அப்பன் பேரு வாயில வரலையா?” தேவசகாயத்தின் புருவம் ஏறியது. “இந்த பாஸ்போர்ட் உன்னோடதுதானா, இல்ல வேற எவனோடதாவதா?” அவர் கை தொலைபேசிப் பக்கம் போயிற்று. விசா போவது இருக்கட்டும், ஆள்மாறாட்டம் என்று போலீஸே வந்துவிடும்.

முதல் சாட்சி, அலுவலகக் கிளார்க் கல்பகம். அவன் குடியிருக்கும் வீட்டுக்காரியும் அவள்தான். “ஏன்டா கல்லு மாதிரி நிக்கறே? தொண்டை கட்டிண்டுதா?” என்றாள்.

“நக்கோ மாமி, வேணாம். அவர் போயிட்டார். பேர் சொல்லக் கூடாது.”

கல்பகம் திகைத்தாள். “அடப்பாவி! இருபது நாளா முகமே சரியில்லையேன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை சொன்னியா?” கண் கலங்கிற்று. ஆனால் ஏன் என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் கணவர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லாதவள் அவள். ரேஷன் ஆபீசில் கேட்டாலும் எழுதித்தான் நீட்டுவாள். “ஏன்னா” என்று அவள் கூப்பிடுவதைக் கேட்டு, குடிவந்த புதிதில் மூன்று மாதம் இந்தப் பிள்ளை அவரை ‘மிஸ்டர் ஏன்னா’ என்றே அழைத்துக்கொண்டிருந்தான்.

“எழுதிக் குடுக்கட்டுமே சார்.”

“எழுத்து வேற, வாக்கு வேறம்மா. வேணும்னா நீங்க முன்னால சொல்லுங்க, அவன் திருப்பிச் சொல்லட்டும். ஒரு வார்த்தை விடக் கூடாது.”

பத்து ஐம்பத்தாறு. கோயினெட் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அந்தப் பெயர் காதில் விழுந்தால் தாங்குவோமா என்றே அவனுக்குத் தெரியவில்லை. கல்பகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த அந்நியப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“ஐ, கோயினெட், சன் ஆஃப் சங்கிலி...”

கோயினெட் கண்ணைத் திறந்தான். அது அப்பாவின் பெயர் இல்லை.

“சங்கிலி இல்லம்மா, அது சங்...” என்று ஆரம்பித்தார் தேவசகாயம்.

அவன் காதைப் பொத்திக்கொள்ளக் கை தூக்கியதைக் கல்பகம் பார்த்துவிட்டாள். முதல் தடவை வாய் தவறித்தான் வந்தது. ஆனால் இப்போது பிடித்துக்கொண்டாள். “இருங்கோ சார்! பன்னெண்டு வருஷமா என்னைக் கல்பனா, கல்பனாங்கறேள். ஒரு நாளாவது திருத்தினேனா? என் நாக்குக்குச் சங்கிலின்னுதான் வரது. சன் ஆஃப் சங்கிலி!”

இரண்டாவது சாட்சி, ஸ்டோர் கீப்பர் ஜேம்ஸ், சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். தேவசகாயம் கல்பகத்தை முறைத்தார். பிறகு அந்த நெட்டைப் பையனின் முகத்தைப் பார்த்தார். எதைக் கண்டாரோ, கடிகாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, “சொல்லச் சொல்லுங்க” என்றார்.

“ஐ, கோயினெட், சன் ஆஃப் சங்கிலி” என்றான் கோயினெட். மூன்று வரியையும் ஒரே மூச்சில் முடித்துக் கையெழுத்துப் போட்டான். அப்போது மணி பதினொன்றுக்கு ஒரு நிமிடம்.

மதிய இடைவேளையில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து தம்பிக்குக் கடிதம் எழுதினான்.

‘இடம் கிடைத்துவிட்டது. அவருக்கும் இங்கே ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. சங்கிலி. அதைச் சொன்னால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், பயப்படாதே. இருபது நாளாக எனக்கு அழ வழியில்லாமல் இருந்தது. அம்மாவுக்கும் இந்தப் பெயரைச் சொல்லிக்கொடு. அவளும் சொல்லி அழட்டும்.’