தரையோடு மிதித்த கால்

ராய்ஸ் ஆணியில் தொங்கிய கார் சாவியைப் பிடுங்கியபோது கிளெனிஸ் தடுக்கவில்லை. கட்டின புருஷனைத் தடுத்தால் என்ன கிடைக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ரோட்ஹவுஸ்ல பையத் தூக்கிட்டு உக்காந்திருக்காளாம்டி உன் மக! பஸ்ஸுக்கு! கண்டவன் எல்லாம் போன் போட்டுச் சொல்றான். நீதானே கொண்டுபோய் விட்ட?"

"ஆமா. நான்தான். என்னங்கிற இப்ப?"

"வந்து பேசிக்கிறேன். முதல்ல அவ தலைமுடியப் புடிச்சு இழுத்துட்டு வரேன்."

சொன்னதைச் செய்கிற பாவிதான். டவுன்ஸ்வில்லில் நர்சிங் படிக்கப் போகிறேன் என்று மகள் ப்ரொன்வின் போன தடவை கிளம்பியபோது, நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்கும் கடையுமான அதே ரோட்ஹவுஸ் வாசலில் கையை முறுக்கி இழுத்து வந்தான். பண்ணையில் ஆடுகளை யார் பார்ப்பது என்பதுதான் அவன் கவலை. பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்புவதில்லை. பஸ் வருவதற்குள் இவன் அங்கே போய்ச் சேர்ந்தால் அவ்வளவுதான், அவள் படிப்பும் பிழைப்பும் மண்.

பின்னால் சுமை ஏற்றும் அவனுடைய யூட் வண்டியின் எஞ்சின் கொட்டகையில் சங்கிலியில் தொங்கியது. அதன் பேட்டரியையும் கழற்றி, கடைசி வயலின் மின்வேலிக்குக் கொடுத்திருந்தான். மிச்சம் இருந்தது கிளெனிஸின் சின்ன வெள்ளைக் கார் ஒன்றுதான். 'பொம்பள வண்டி' என்று அவன் இதுநாள்வரை தொட்டதே இல்லை.

ஏறி உட்கார்ந்தான். ஆக்சிலரேட்டர் பெடலைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை.

வராந்தாவில் நின்ற கிளெனிஸ் அந்தச் சத்தத்தைக் கூர்ந்து கேட்டாள். அடேயப்பா, மிதிக்கிறான்! பழைய கார்புரேட்டர் வண்டியிலேயே காலம் தள்ளினவன், மிதிக்காமல் எதையும் ஸ்டார்ட் செய்து பழக்கமில்லை. ஒரு குளிர்காலத்தில் இந்தக் கார் பெட்ரோல் தேங்கி அடம்பிடித்தபோது டவுன் மெக்கானிக் அவளிடம் சொல்லியிருந்தான்: "முழுசா மிதிச்சுட்டு சாவியத் திருப்பினா கம்ப்யூட்டர் பெட்ரோல நிறுத்திடும்மா. வெறும் காத்துதான் போகும். உள்ள தேங்கினது காயிறதுக்கு அந்த வழி. மத்த நாள்ல பெடல் மேல காலே வைக்காதீங்க."

அன்றைக்கே அதை ராய்ஸிடம் சொன்னாள். "வண்டியப் பத்தி எனக்கே பாடம் எடுக்க வந்துட்டாளாம்" என்று, வந்திருந்த கூட்டாளிகள் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிடா, இப்போது சிரி!

"என்னடி கருமம் புடிச்ச வண்டி இது!" என்று கத்தினான். மறுபடி திருப்பினான். அலுத்துப்போய்க் காலைக் கொஞ்சம் தளர்த்தினான் போலிருக்கிறது, எஞ்சின் ஒரு தடவை இருமியது. இன்னும் கொஞ்சம் விட்டால் பிடித்துக்கொள்ளும். கிளெனிஸ் வராந்தா விளிம்புக்கு வந்தாள்.

"என்ன ராய்ஸ்," என்றாள் உரக்க, "கால்ல தெம்பு இல்லையா? வயசாயிடுச்சு, பாவம். நகரு, நான் வந்து மிதிக்கிறேன்."

"வாய மூடு!"

"மூடிக்கிறேன். ஒரு பெடலக்கூட ஒழுங்கா மிதிக்கத் தெரியல. இதுல மெக்கானிக்னு பீத்தல் வேற!"

அவன் முகம் ரத்தமாகச் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டிலிருந்து எழும்பி, முழு உடம்பையும் அந்தக் காலில் போட்டு மிதித்தான். சாவியை விடவே இல்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றி, மெதுவாகச் சுற்றி, முனகியது. பிறகு டிக், டிக் என்றது. பிறகு அதுவும் இல்லை, பேட்டரி செத்துவிட்டது.

ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளியும் ஸ்டார்ட் செய்ய முடியாது. இறங்கி வந்து டயரை உதைத்தான், கதவை உதைத்தான். திடீரென்று குறுக்கே வந்த நாயையும் உதைத்தான்.

அப்போது நெடுஞ்சாலையில், அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு நேரே, பஸ் ஹாரன் நீளமாகக் கேட்டது. எந்த டிரைவரும் அந்த இடத்தில் அடிக்க மாட்டான், உள்ளே இருந்து மகள் கெஞ்சிக் கேட்டால் ஒழிய. செம்மண் புழுதி எழும்பி, டவுன்ஸ்வில் இருக்கிற கடற்கரைப் பக்கமாகவே போனது. கிளெனிஸ் புழுதி அடங்குகிறவரை பார்த்தாள். கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நாசமாப் போன காரு," என்றான் ராய்ஸ்.

"காருக்கு ஒண்ணும் இல்ல. நீ காலை எடுத்திருந்தா அது அப்பவே கிளம்பியிருக்கும்."