அர்த்தனாரி வாத்தியாரின் நிரூபணம்

ஜுபைருக்கு இரண்டாவது பல் விழுந்தபோது, அர்த்தனாரி வாத்தியார் மூன்றாவது ஆதாரத்துக்கு வந்திருந்தார்.

"லோடு எடுக்க மலையேறி அரியூர் நாட்டுக்கு நீ வந்தது மூணு தடவை. மாடு செத்தது மூணு. பொருந்துதா இல்லியா?"

"பொருந்துதுங்க சார்," என்றான் ராசு. காலையில் செத்தது அவன் மாடு. பொருந்திய திருப்தியில் மண்வெட்டிக் காம்பால் ஜுபைரின் முழங்காலில் ஒன்று போட்டான்.

பலா மரத்தில் கட்டப்பட்டிருந்த ஜுபைர் மலையடிவாரத்துக் காரவள்ளி ஊரின் மரவள்ளிக்கிழங்கு வியாபாரி; அவனுக்குக் காரணம் தெரியும். அவன் லாரி வரும் நாளில்தான் கிழங்கு பிடுங்குவார்கள். பிடுங்கினால் தழை குவியும், மாடு மேயும். பழைய ரகத் தழையில் மாடு கொழுத்தது. போன வருடம் வாத்தியார் புது ரக நடவுக் குச்சியை ஊருக்கே கொடுத்து, மாலையும் வாங்கிக்கொண்டார். அதன் தழை விஷம். ஜுபைர் வீட்டு ஆடே இரண்டு போயிருந்தது.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பல் போனது அப்போதுதான்.

"மருந்து வெச்ச கைய எடுத்துட்டாத் தீந்துது," என்று வாத்தியார் தீர்ப்பளித்தார். ராசு கொடுவாளைத் தீட்ட உட்கார்ந்தான்.

தழைக் குவியலில் வாத்தியாரின் கன்றுக்குட்டி மென்றுகொண்டிருந்தது.

"அதை ஓட்டுங்க சார், செத்துரும்," என்றான் ஜுபைர்.

கூடியிருந்த ஊரார் சிரித்தார்கள். கொடுவாள் தீட்டி முடிவதற்குள் கன்று நுரை தள்ளிக் காலை உதறி அடங்கியது.

"பாத்தீங்களா? சாகும்னு முன்னாடியே இவனுக்கு எப்பிடித் தெரியும்? கட்டிப் போட்டும் கொன்னுட்டான். கை எதுக்கு, பாத்தாலே போதும் இவனுக்கு," என்றார் வாத்தியார்.

"அப்ப வெட்டறது கைங்களா, கண்ணுங்களா?" ராசு குழம்பினான்.

இந்த ஊரில் உண்மையைச் சொன்னால் ஒரு பல்லும் மிஞ்சாது என்று ஜுபைருக்கு விளங்கியது. இரத்தத்தைத் துப்பிவிட்டு, நிமிர்ந்து, வாத்தியாரை இமைக்காமல் பார்த்தான்.

வாத்தியார் துண்டால் முகத்தை மூடினார்.

"அவுத்து உடு ராசு. சீக்கிரம்."

"நீங்களே அவுத்து உடுங்க சார். நிரூபிச்சது நீங்கதானுங்களே."

"அவுக்கறியா, நீ செத்தாத்தான் ஆச்சா?"

ராசு கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றை வெட்டினான். கயிறு அறுந்தது, கூடவே ஜுபைரின் சுண்டு விரலும்.

அடுத்த வாரம் லோடு எடுக்க வேறு லாரி வந்தது. அதே ஊர்ப் பாவாயியின் ஆடு செத்தது. ஜுபைர் மலைப்பக்கமே வரவில்லையே என்று ஊர் வாத்தியாரைக் கேட்டது.

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்த விரல் எங்க விழுந்துச்சு?"

அன்று மாலை வரை பலா மரத்தடியைத் தோண்டினார்கள்.