அகரவரிசை

"நம்ம குரூப்ல பெரியவங்க சின்னவங்க கிடையாதுங்க. எல்லாரும் சமம். அதனால கட்டுரையில பேரெல்லாம் அகரவரிசைதான்."

டாக்டர் ஆனந்தகுமார் இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொள்வார், எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதுபோல. உண்மையில் அவர் எதையும் மறைக்கவில்லைதான். ஆங்கில எழுத்துகளில் முதலாவது ஏ, அவர் பெயர் அதில் தொடங்குகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

செகந்திராபாத்தை அடுத்த உப்பல் பக்கம் இருந்த உலோக ஆய்வகம் ஒன்றில் ஜலஜா அவருக்குக் கீழே பதினான்கு வருஷமாக வேலை பார்த்தாள். அதற்குள் பதினோரு கட்டுரைகள். பதினொன்றிலும் முதல் பெயர் ஆனந்தகுமார். சோதனை செய்தது ஜலஜா, வரைபடம் போட்டது ஜலஜா, எழுதியது ஜலஜா. அங்கங்கே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு "நல்லா வந்திருக்கு அம்மணி" என்றது அவர். கோயம்புத்தூர்க்காரர், மரியாதைக்கு ஒரு குறைச்சலும் வைக்கமாட்டார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை இவ்வளவு சமத்துவமாகவும் செய்யலாம் என்று ஜலஜா அவரிடம்தான் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொண்டு என்ன பயன்? பதவி உயர்வுக் குழு அவளை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. இரண்டு முறையும் ஒரே காரணம்: முன்னணி ஆய்விதழில் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரைகூட இல்லை. அந்த ஆய்வகத்தில் மூன்று வாய்ப்புதான் விதி. மூன்றாவதும் போனால் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் அவளுடைய விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அவளுக்கு வயது நாற்பத்தாறு.

பன்னிரண்டாவது கட்டுரைக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பற்றவைத்த குழாய் மூட்டு சூடேறிக் குளிர்ந்து, சூடேறிக் குளிர்ந்து, எத்தனையாவது சுற்றில் மயிரிழை விரிசல் விடும் என்பது கேள்வி. ஒவ்வொரு மூட்டையும் நாற்பது நாள் இயந்திரத்தில் பூட்டிவைக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் இயந்திரத்தைத் திரும்ப ஓடவிடுவது டெக்னீஷியன் அப்துல் காதர். "டென்ஷன் நக்கோ மேடம், மெஷின் சல்ரா" என்று, கவலை வேண்டாம், இயந்திரம் ஓடுகிறது என்பதை அவர் ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்து சொல்லுவார். அந்த இரண்டு வருஷத்தில் ஆனந்தகுமார் அந்த அறைக்குள் வந்தது ஒரே தடவை, டெல்லியிலிருந்து யாரோ பார்வையிட வந்தபோது.

கட்டுரையை இதழின் இணையதளத்தில் ஏற்றுகிற வேலை எப்போதும் ஜலஜாவுடையது. கடிதப் போக்குவரத்துக்கு மட்டும் ஆனந்தகுமாரின் பெயரும் முகவரியும் இருக்கும். இந்த முறை அவள் குறிவைத்தது பெரிய இதழ். நூறு கட்டுரை போனால் ஐந்து தேறும். எழுதுகிறவரின் பெயரை அடையாளச் சான்றில் உள்ளபடியே கேட்டது. குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கமே திறக்கவில்லை.

தமிழர்களுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இருப்பதில்லை. இதற்கு முந்தைய கட்டுரைகளில் 'ஜலஜா' என்பதையே குடும்பப்பெயராகத் தள்ளிவிட்டு, 'ஏ' என்ற இனிஷியலை முன்னால் ஒட்டியிருந்தாள். பாஸ்போர்ட்டில் அந்தச் சமாளிப்பு செல்லவில்லை. இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி, அப்பா பெயரைக் குடும்பப்பெயராக்கிவிட்டார்கள். அப்பாவின் பெயர் அம்பி.

வைத்த பெயர் என்னவோ ராமசுவாமிதான். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம். பள்ளியில் சேர்க்கப்போன சித்தப்பா, பையன் பேர் என்ன என்று கேட்டதும் வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதோடு போயிற்று ராமசுவாமி. பள்ளிச் சான்றிதழிலிருந்து பென்ஷன் புத்தகம்வரை அம்பி. ஜலஜா வகுப்பில் படாதபாடு பட்டிருக்கிறாள். 'ஏ என்றால் என்ன?' என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அவளுக்குக் காது சூடாகும்.

அன்றைக்கு வேறு வழியில்லாமல் அந்தக் கட்டத்தில் 'அம்பி' என்று தட்டினாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஏ, எம். ஆனந்தகுமாருக்கு ஏ, என். எம் முந்தி, என் பிந்தி.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். பதினான்கு வருஷமாக இந்தப் பெயரை ஓர் ஒற்றை எழுத்துக்குள் பூட்டிவைத்திருந்தோமே என்று சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது. ஜலஜா அம்பி, ஆனந்தகுமார், கடைசியில் ஆராய்ச்சி மாணவன் வினய்.

முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"இது யாருங்க அம்பி? புதுசா யாரையாச்சும் சேர்த்திருக்கீங்களா?"

"நான்தான் சார். பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு. ஜர்னல்ல அதுல இருக்கற மாதிரிதான் வேணும்கறா."

அவர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் வேலுசாமி. அதன்படி போனால் அவர் வி எழுத்துக்கு, வினய் பக்கத்துக்குப் போகவேண்டும். மாநாடுகளுக்கு அவருக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்தவள் ஜலஜாதான். அது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பெயரில் கைவைத்தால் எங்கே போய் முடியும் என்று அவர் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நீங்க முதல்ல வர்றீங்க."

"அகரவரிசை சார். நம்ம குரூப் வழக்கம்."

அந்த வார்த்தையை அவள் நன்றாக ருசித்துத்தான் சொன்னாள். தவளை தன் வாயால் கெடும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"ரொம்ப சந்தோசமுங்க" என்றார் ஆனந்தகுமார், கைகளை மேசைமேல் விரித்து.

மூன்று மதிப்பீட்டாளர்கள். முதலாமவர் நாலே வரியில் நல்லது சொன்னார். மூன்றாமவர் தன்னுடைய ஆறு கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னார். இரண்டாமவர்தான் எமன்: ஐந்து மூட்டுகள் போதாது, இன்னும் ஐந்து வேண்டும் என்றார். ஐந்தையும் இரண்டிரண்டாகப் பூட்டினாலும் மறுபடி நாலு மாதம். மறுபடி அப்துல் காதரின் ஞாயிற்றுக்கிழமை போன்கள். வீடு இருந்த லோத்குண்டாவில் பஸ் ஏறி உப்பல் போய்ச்சேருவதற்குள் ஜலஜா அந்த இரண்டாமவரைத் தமிழில் ஒரு பாட்டம் திட்டி முடித்திருப்பாள். ஆனால் புது மூட்டுகளிலும் எண்கள் மாறாமல் நின்றன. இருபத்தேழு பக்கத்துக்குப் பதில் எழுதி அனுப்பினாள். அடுத்த மாதம் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது.

மூன்றாவது வாய்ப்புக்கான நேர்முகத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அச்சுப்படி திருத்தம் இரண்டு நாளில் போகவேண்டும். ஆனந்தகுமார் தாமாகவே அவள் மேசைக்கு வந்தார்.

"ப்ரூஃப் நான் பாத்துக்கறனுங்க. நீங்க இன்டர்வியூவுக்குப் படிங்க அம்மணி."

பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக அந்த மனிதர் ஒரு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டார். நாம்தான் மனுஷரைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஜலஜா வீட்டில்கூடச் சொன்னாள். அவ்வளவு லேசில் நெகிழ்ந்துபோனதை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்கு அதிகம் எரிந்தது.

நேர்முகத்துக்கு நாலு நாள் முன்னால் கட்டுரை வெளிவந்தது. அவள் தலைப்பைப் பார்த்தாள், தன் பெயரைப் பார்த்தாள், அப்பாவுக்கு அனுப்பினாள். சொந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை அடிவரை யார் படிப்பார்கள்?

குழுத் தலைவர் படித்திருந்தார்.

"முன்னணி இதழ். பாராட்டுகள். முதல் ஆசிரியர் நீங்களா?"

"ஆமாம் சார்."

அவர் தாளைத் திருப்பி, அடியில் விரலை வைத்து ஆங்கிலத்தில் வாசித்தார். "ஆசிரியர்களின் பெயர்கள் அகரவரிசையில் தரப்பட்டுள்ளன. இவ்வரிசை பங்களிப்பைக் குறிக்காது." பிறகு கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அப்படியானால் இதை முதல் ஆசிரியர் கட்டுரையாக எடுத்துக்கொள்ள முடியாதே?"

ஜலஜா குனிந்து, அவர் விரலுக்கு மேலே இருந்த அந்த வரியை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தாள். நிமிர்ந்து, "எங்கள் குழுவில் எல்லாக் கட்டுரைகளுமே அப்படித்தான் சார். முந்தைய பதினொன்றும்" என்றாள்.

அவர்கள் பதினொன்றையும் புரட்டினார்கள். நியாயமாகவே புரட்டினார்கள். ஒன்றிலும் அந்த வரி இல்லை.

"அவற்றில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லையே" என்றார் தலைவர், கொஞ்சம் வருத்தத்தோடு. பதினொன்றும் ஆனந்தகுமாருக்கு. பன்னிரண்டாவது யாருக்கும் இல்லை.

முடிவு மறுநாளே வந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஜலஜா ஆனந்தகுமார் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"நான் பொய் ஏதாச்சும் எழுதுனனுங்களா அம்மணி? நீங்கதான சொன்னீங்க, அகரவரிசை, குரூப் வழக்கம்னு. படிக்கறவங்களுக்குத் தெளிவா இருக்கட்டும்னு ப்ரூஃப்ல போட்டேன்."

"மத்த பதினொண்ணுல போடலையே சார்?"

"அப்ப யாரும் கேக்கலீங்களே."

"இப்ப யார் கேட்டா?"

மேசைமேல் அவர் கைகள் விரிந்திருந்தன. அந்தக் கைகளில் எதையாவது ஓங்கி அடிக்கவேண்டும் என்று ஜலஜாவுக்கு இருந்தது. அடிக்கவில்லை. இன்னும் பதினாலு வருஷம் இதே மனிதர்கள் நடுவில்தான் உட்காரவேண்டும். வெளியே வந்து விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

லோத்குண்டாவில் அப்பா கூடத்தில் சுத்தியலோடு நின்றிருந்தார். சோபாமேல் புதுச் சட்டம், கண்ணாடி போட்டு. உள்ளே கட்டுரையின் முதல் பக்கம்.

"வா வா. பாத்தியா, வெளிநாட்டுப் பத்திரிகையில அம்பி! இனிமே யார் இதை எடுத்துச் சொன்னாலும் 'அம்பியும் மற்றவர்களும்'னுதான் எழுதணுமாம். ரஷ்மி சொன்னா." ரஷ்மி ஜலஜாவின் பெண். "மார்க்கெட் தாண்டி ஒருத்தன் ஃப்ரேம் போடறான். சட்டத்துக்குள்ள பேப்பர் அடங்கல. அடியில என்னமோ பொடி எழுத்துல ஒரு வரி இருந்துது. கட் கர்தூம் க்யா, வெட்டிடட்டுமான்னு கேட்டான். ஹவ், வெட்டுடாப்பான்னுட்டேன். ஒண்ணும் முக்கியமில்லையே?"

ஜலஜா குனிந்து பார்த்தாள். கத்தரி நேராகப் போயிருந்தது. ஜலஜா அம்பி. அடியில் வெறும் வெள்ளை.

"அதுதாம்ப்பா முக்கியம்" என்றாள். "அந்த ஒரு வரிக்காகத்தான் ப்ரமோஷன் இல்லேன்னுட்டா."

அம்பி முப்பத்தாறு வருஷம் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என்ன வரி என்று கேட்டார். அவள் சொன்னாள். அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

"அப்போ இதை மாட்ட வேண்டாமா?" என்றார், சுத்தியலை இறக்கி.

"மாட்டுப்பா. உலகத்துல அந்த வரி இல்லாத காப்பி இது ஒண்ணுதான் இருக்கு."

அவர் நாற்காலிமேல் ஏறினார். அவள் ஆணியை எடுத்துக் கொடுத்தாள்.